கஞ்சி போட்ட பூச்சி

செல்லபாய்க்கு அந்த வேலை கிடைத்ததற்கு அவள் விரல்களில் கறை இல்லாததுதான் காரணம். பாறசாலையிலிருந்து செங்கலுக்குப் போகும் வழியில், ரோட்டை விட்டுச் சற்று இறங்கினால் ஒரு பழைய முந்திரிக்கொட்டை ஆலை. ஊரில் அதை அண்டியாபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆலையைப் பூட்டி வருஷங்கள் ஆகியும் அதில் கொட்டை தல்லி உடைத்த பெண்களின் விரல்களில் எண்ணெய் தின்ற கறுப்பு போகவில்லை. தொண்ணூற்று மூன்றில் கோட்டுகால்காரர் ஸ்தனிஸ்லாஸ் அந்தக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து ஆள் வேண்டும் என்று சொன்னபோது, முதலில் போய் நின்றதும் அந்தப் பெண்கள்தான். அவர் ஒவ்வொருத்தியையும் கையை நீட்டச் சொல்லி, திருப்பச் சொல்லிப் பார்த்தார். எங்களைக் கட்டிக்கொண்டு போனவன்கூட இப்படிப் பார்த்ததில்லை என்று வெளியே வந்து சிரித்தார்கள். கறுத்த விரல் பட்டால் நூலும் கறுத்துவிடும் என்பது அவருடைய பயம். செல்லபாய் பாலராமபுரத்துப் பக்கம் தறிவீட்டில் பிறந்தவள், வெள்ளை நூலைத் தவிர வேறொன்றும் அதிகம் தொடாதவள். அவள் கையைப் பார்த்ததும் உள்ளே போய் உட்காரச் சொல்லிவிட்டார்.

வேலை என்னவென்றால், தூண்டில் முள்ளில் பூச்சி கட்டுவது. ஸ்தனிஸ்லாஸ் வெளிநாட்டுக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். போன இடத்தில் யாரையோ பிடித்து, தொழிலைக் கற்று, ஆர்டரும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். ட்ரவுட் என்று ஒரு மீன், குளிர்ந்த நாட்டு ஆறுகளில் கிடக்கும், மூணாறு மலையில்கூட வெள்ளைக்காரச் சாய்ப்புமார் கொண்டுவந்து விட்டது உண்டு என்று அவர் சொன்னார். அந்த மீன் ஆற்றுக் கல்லுக்கு அடியில் ஊரும் சிறகு முளைக்காத குஞ்சுப் பூச்சிகளைத் தின்னும். அதைப்போல ஒன்றை முயல் ரோமத்தாலும் கோழி இறகாலும் நகத்தளவு முள்ளின்மேல் கட்ட வேண்டும். சாய்ப்பு அதைப் போட்டு மீனைப் பிடிப்பான், பிடித்து ஒரு போட்டோ எடுப்பான், மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுவான். இதைக் கேட்டதும் கூட வேலைக்குச் சேர்ந்திருந்த ஜெம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

ஜெம்மாவும் கோட்டுகால் கரைதான். அப்பன், அண்ணன், கட்டியவன் எல்லோரும் கடலில் போகிறவர்கள்.

"விடதுக்கா பிடிக்காவ? எங்க அப்பன்கிட்ட சொன்னா பைத்தியம்னு சொல்லுவாரு அண்ணா."

"பைத்தியந்தான். அந்தப் பைத்தியத்துலதான் நமக்குக் கஞ்சி ஆக்கும்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

தண்ணீருக்கு அடியில் போக வேண்டிய பூச்சிக்கு வயிற்றுக்குள் ஈயக் கம்பி சுற்றியிருக்கும். அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் இருந்தது, யார் வாயிலும் அது நிற்கவில்லை. கனப்பூச்சி என்று ஆகிப்போனது. ஈயம் இல்லாதது வெறும்பூச்சி. கட்டி முடித்துவிட்டால் இரண்டையும் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதால் கனப்பூச்சியின் தலையை மட்டும் சிவப்பு நூலால் முடித்தார்கள்.

கனப்பூச்சி எல்லோர் கைக்கும் வருவதில்லை. மேசையோரத்தில் முடுக்கிய சின்ன வைஸில் முள்ளைக் கவ்வ விட்டு, முள்ளின் தண்டில் நூலை நெருக்கிச் சுற்றிப் படுக்கை போட வேண்டும். அதன்மேல் ஈயக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்ற வேண்டும். ஈயத்துக்கு முன்னும் பின்னும் நூலால் அணை கட்டி, மேலே குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓட்டி, ஒரு சொட்டு வார்னிஷ் வைத்துக் காயவிட வேண்டும். அப்புறம்தான் வால், வயிற்றுக்கு ரோமம், முதுகுக்கு இறகு, கடைசியில் தலை. தலையில் முடிச்சுப் போட்டு இன்னொரு சொட்டு வார்னிஷ். இந்த வார்னிஷில்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். கொஞ்சம் கூடினால் உடம்பில் புடைப்பு விழும். வாடையோ மண்டையைப் பிளக்கும், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தாலும் அதே வாடை.

செல்லபாய் வார்னிஷ் பாட்டிலைத் திறப்பதே இல்லை. வீட்டிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பச்சரிசிக் கஞ்சி கொண்டு வருவாள், கெட்டியாக, வடிகட்டியது. ஈயம் சுற்றியதும் விரல் நுனியில் கஞ்சியைத் தொட்டு ஒரு நீவு நீவுவாள். நூல் படிந்து, ஈயம் இருக்கிற இடமே தெரியாமல், பூச்சி மெலிந்து அழகாக நிற்கும். தலை முடிச்சுக்கும் அதே கஞ்சிதான். அப்பன் வீட்டில் தறிக்குப் பாவு நூல் விரித்துக் கஞ்சி போட்டு வளர்ந்தவள். நூலைக் கண்டால் கஞ்சியைத் தேடும் கை அது. அவளைக் கேட்டால், இதிலே என்ன அதிசயம், நூலுக்குக் கஞ்சி போடாமல் பின்னே சாம்பாரா ஊற்றுவார்கள் என்பாள். கஞ்சியில் எறும்பு ஏறும் என்று ஸ்தனிஸ்லாஸ் ஒரு தடவை முணுமுணுத்தார். ஆனால் பூச்சியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தவர் வாயை மூடிக்கொண்டார். அவ்வளவு சுத்தமான வேலையை அவர் கற்றுக்கொண்ட இடத்திலும் பார்த்ததில்லை.

சுவரில் ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு வகைப் பூச்சிக்கும் ஒரு மாதிரி அதில் குத்தி வைத்திருக்கும். சந்தேகம் வந்தால் எழுந்து போய் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கனப்பூச்சிக்கு, வேலை தொடங்கிய நாளிலிருந்து, ஆர்டர் கொடுத்த சாய்ப்பு அனுப்பிய மாதிரிதான் நின்றது. ஒரு திங்கட்கிழமை ஸ்தனிஸ்லாஸ் அதைப் பிடுங்கிவிட்டுச் செல்லபாய் கட்டியதைக் குத்தினார். கீழே ஒரு துண்டுத் தாளில் "செல்லபாய்" என்று எழுதி ஒட்டினார். எழுத்து கொஞ்சம் கோணல்தான். அவள் அன்று முழுவதும் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி இருந்தாள். எல்லோரும் சாப்பிடக் கிணற்றடிக்குப் போனபிறகு போய் நின்று பார்த்தாள்.

அவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அப்பன் வீட்டுத் தறியில் அவள் நெய்ததெல்லாம் அண்ணன் சுந்தரதாஸ் நெய்தது என்றுதான் கடைக்குப் போகும். கடைக்காரர் வந்து, சுந்தரா, கரை நல்லா விழுந்திருக்கே என்பார். அண்ணன் தலையைச் சொறிவான். மறுத்துச் சொல்ல அவனுக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும் வாய் வந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபிறகு ராஜதாஸின் மனைவி, இன்னாருடைய மருமகள். முப்பத்தைந்து வயதில் முதல்முறையாக ஒரு சுவரில், தான் செய்த ஒன்றுக்குக் கீழே, தன் பேர்.

கணவன் ராஜதாஸ் கொத்தனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வரும்போது அவரைச் சுற்றுவழியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய் அண்டியாபீஸ் ஜன்னல் கம்பி வழியே பலகையைக் காட்டினாள். அவர் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எது, அந்தக் கொசுவா?" என்றார்.

வீடு வந்து சேரும்வரை அவள் பேசவில்லை. பாவம், அவர் வாய்க்கு அன்று ராத்திரி மீன்குழம்பும் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் ரினி வந்து பக்கத்து வைஸில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வயது, நெய்யாற்றின்கரைக்காரி, பேச்சில் பாதி மலையாளம். கை வேகம், ஆனால் வார்னிஷ் அவளுக்கு அடங்கவில்லை. அவள் கட்டுகிற ஒவ்வொரு பூச்சிக்கும் கழுத்துக்குப் பக்கத்தில், இடதுபுறமாக, ஒரு புடைப்பு இருக்கும். செல்லபாயின் பூச்சியை ஆசையோடு பார்ப்பாள். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, அந்தக் கஞ்சி எனக்கும் கொஞ்சம் தருவியளா? நானும் போட்டு நோக்கட்டே."

"கஞ்சி தந்தா மட்டும் வந்திருமா பிள்ளே? அதுக்குக் கை வேணும்" என்று சிரட்டையைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள் செல்லபாய்.

ரினி வார்னிஷோடே கிடந்தாள்.

மழை தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்கு சாய்ப்பு போன் செய்தான். மறுநாள் காலை அவர் ஷெட்டுக்குள் வந்த விதத்திலேயே எல்லோரும் கையை நிறுத்தினார்கள்.

"அனுப்பின பெட்டி கடையில கெடந்து இப்பத்தான் ஆத்துக்குப் போச்சாம். கனப்பூச்சி மட்டும் குற்றம் சொல்லுதான். கொஞ்சம் சரியாட்டு உண்டாம். மத்தது ஆத்துல போட்ட கொஞ்ச நேரத்துல மலந்து கெடக்காம், உடம்பு தனியாட்டு சுத்துதாம், தலை அவுந்து போவுதாம். அடுத்த பெட்டியும் இப்பிடி வந்தா வேற நாட்டுக்காரனுக்கு ஆர்டர குடுத்திருவான். யாரு கையிலயோ கோளாறு உண்டு. யாருன்னு சொல்லுங்க."

மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. கனப்பூச்சி கட்டுகிற கை அங்கே நாலைந்துதான். செல்லபாய் சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேசையில் கிடந்த ரினியின் பூச்சி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"மொதலாளி, இதப் பாருங்க. கழுத்துல முழ, பொடச்சிருக்கு. ஒரு பக்கம் தூக்கினா மறிஞ்சுதானே போவும்?"

அவள் அதை மனதார நம்பித்தான் சொன்னாள். கோணலாக இருப்பது கோணலாகத்தானே நீந்தும்? கண்ணுக்கு நன்றாக இருப்பது எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. ஸ்தனிஸ்லாஸ் பூச்சியைத் திருப்பிப் பார்த்தார், பலகையில் இருந்ததையும் பார்த்தார். அன்றைக்கே ரினியை மூலையில் பெட்டி கட்டுகிற மேசைக்கு மாற்றினார். பெட்டி கட்டுகிறவர்களுக்குக் கூலி குறைவு. அதைவிட, அங்கே போனவர்கள் வைஸுக்குத் திரும்பி வந்த வழக்கம் இல்லை. ரினி சத்தமில்லாமல் அழுதபடி தன் கத்தரியையும் நூல் உருளையையும் பொறுக்கிக்கொண்டு போனாள். பக்கத்து இடம் காலியானது செல்லபாய்க்குக் கொஞ்சம் உறுத்தியது. வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்தது.

இதெல்லாம் நடந்தபோது ஜெம்மா இல்லை. கரையில் சர்ச் பெருநாளுக்கு லீவில் போயிருந்தாள். திரும்பி வந்து, மூலையில் ரினி அட்டைப்பெட்டி மடிப்பதைக் கண்டு, என்ன ஏது என்று விசாரித்தாள். முழுக்கதையையும் கேட்டு முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அது சரி. தண்ணில போட்டுப் பாத்தியளா?"

இந்த ஷெட்டில் இத்தனை காலமாக எத்தனையோ பெட்டி பூச்சி கட்டிப் போயிருக்கிறது. ஒரு பூச்சியும் இங்கே நனைந்ததில்லை. நனையக் கூடாது என்றுதான் எல்லோருக்கும் பாடம். ஈரக் கையோடு மேசைக்கு வந்தால் ஸ்தனிஸ்லாஸ் திட்டுவார்.

"அண்ணா, நீங்களும் நம்ம கரைதானே?" என்றாள் ஜெம்மா. "நம்ம ஆளுவ தூண்டல கடல்ல நனைக்காம நல்லது கெட்டது சொல்லுவாவளா? இது மீனு கடிக்கதுக்குள்ளதா, மாலையில கோக்கதுக்குள்ளதா?"

ஸ்தனிஸ்லாஸுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கப்பலில் சமைத்தவர்தானே, மீன் அவர் கைக்கு வந்ததெல்லாம் சட்டிக்குத்தான். கிணற்றடியை நோக்கி நடந்தார். அங்கே கொட்டை கழுவக் கட்டியிருந்த பழைய சிமெண்டுத் தொட்டி மழைநீரில் நிரம்பிக் கிடந்தது. பெண்கள் எல்லோரும் பின்னாலேயே போய்ச் சுற்றி நின்றார்கள். ஜெம்மா பெட்டி கட்டுகிற மெல்லிய நைலான் கயிற்றை உருவி எடுத்தாள். ரினியின் பூச்சி ஒன்றை அதில் முடிந்தாள்.

"அக்காளுக்கது ஒண்ணு வேணும்" என்றாள்.

செல்லபாய் தன் மேசையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பலகையிலிருந்த மாதிரியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"இந்நா, இதப் போடு. எல்லாரும் பாக்கட்டு."

இரண்டையும் இரண்டு கயிற்றில் கட்டி ஜெம்மா தொட்டியில் இறக்கினாள். இரண்டும் ஒரே நேரத்தில் தாழ்ந்தன. செல்லபாயினுடையது அழகாகத் தாழ்ந்தது, கண்ணெடுக்க முடியாத அழகு. ஜெம்மா கயிறுகளை ஆற்றோட்டம் போல மெல்ல அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. செல்லபாய் ரினியைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை, பார்த்தாள். ஜெம்மா விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் செல்லபாயின் பூச்சியைச் சுற்றித் தண்ணீர் இத்துணூண்டு வெளுத்தது, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. அடுத்த இழுப்பில் பூச்சியின் முதுகு வயிற்றுப் பக்கம் வந்தது. அதற்கடுத்த இழுப்பில் ஈயச் சுருள் முள்ளிலிருந்து விட்டு, உடம்பு தனியாகச் சுற்ற ஆரம்பித்தது. தலையின் சிவப்பு நூல் முடிச்சுக் கழன்று நீளமாகத் தண்ணீரில் ஆடியது. ரினியினுடையது புடைப்பும் கோணலுமாக, ஆனால் முதுகு மேலே இருக்க, நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"கஞ்சியாக்கும்" என்று யாரோ பின்னாலிருந்து மெல்லச் சொன்னார்கள். சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கஞ்சி தண்ணீரில் கரையும் என்பது செல்லபாய்க்குத் தெரியாதா? தறியிலிருந்து இறங்கிய துணியை முதல் தடவை நனைத்தால் கஞ்சி போய்விடும், போக வேண்டும், அதற்குத்தான் கஞ்சி. இது அவளுக்குத் தன் பேரைப்போலத் தெரியும். ஆனால் அவள் நெய்த எந்தத் துணியையும் யாரும் உடுத்தி அவள் பார்த்ததில்லை, நனைத்தும் பார்த்ததில்லை. கட்டிய பூச்சியும் அப்படித்தான். அவள் கையைத் தாண்டிப் போனபிறகு ஒரு பொருளுக்கு என்ன ஆகிறது என்பது அவள் யோசனைக்கு எட்டாத ஊர். அவமானம் அவள் காது மடல்வரை ஏறியது. தொட்டிக் கரையைப் பிடித்துக்கொண்டு அந்த நூலையே பார்த்தபடி நின்றாள். அழுகை வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்தனிஸ்லாஸ் கத்தவில்லை. ரினியை வைஸுக்குத் திரும்பப் போகச் சொன்னார். தொட்டியில் நனைந்த ரினியின் பூச்சியைத் துடைத்துப் பலகையில் குத்தினார். செல்லபாய் என்ற தாளைக் கிழித்துவிட்டு ரினி என்று எழுதி ஒட்டினார். எழுத்து இப்போதும் கோணல்தான்.

மறுநாள் செல்லபாய் வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் வந்தாள். சிரட்டை இல்லாமல் வந்தாள். நேரே பலகைக்குப் போய் ரினியின் பூச்சியைக் கண்ணுக்கருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடத்தில் உட்கார்ந்து வார்னிஷ் பாட்டிலைத் திறந்தாள். வாடைக்கு மூக்கைச் சுளித்தாள். ரினி குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தாள். மத்தியானம் ஆனபோது செல்லபாயின் அட்டையில் ஒரு வரிசை பூச்சி நின்றது. ரினி ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு நன்றாகத் திரும்பியே பார்த்தாள். ஒவ்வொன்றின் கழுத்திலும், இடதுபுறமாக, ஒரே அளவில் ஒரு புடைப்பு.

"அய்யோ அக்கா, அந்த முழ எனக்க தெற்றாக்கும், எனக்க தப்பு. அது வேண்டாம்."

"போர்டுல உண்டில்லியா? அப்ப உண்டு" என்றாள் செல்லபாய், முகத்தைத் திருப்பாமல்.

வீம்புதான், வேறென்ன. ஆனால் அந்த வீம்பும் இரண்டு நாளுக்குமேல் தாங்கவில்லை. கோணலைத் திரும்பத் திரும்பக் கட்ட அவள் விரல்களுக்கே பொறுக்கவில்லை. வார்னிஷைச் சொட்டு விடாமல் ஊசி முனையில் தொட்டுப் பார்த்தாள். நூலுக்கு மெழுகு தேய்த்து இழுத்தாள். காயும்வரை பூச்சியை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு வாரம் இதிலேயே போனது. கடைசியில் புடைப்பு இல்லாமல், கஞ்சிப் பூச்சியைப் போலவே மெலிந்த ஒன்று வந்தது. அதை ரினியிடம்கூடக் காட்டாமல் கிணற்றடிக்குக் கொண்டுபோய் நைலான் கயிற்றில் கட்டித் தொட்டியில் விட்டாள். இங்கும் அங்கும் இழுத்தாள். கை கடுக்கும்வரை இழுத்தாள். பூச்சி நேராகப் போயிற்று. தண்ணீருக்குள் அதன் ரோமம் விரிந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் மூச்சு விடுவதுபோல அடங்கி விரிந்தது. இதற்கு இப்படி ஒரு உயிர் உண்டு என்று அவளுக்கு இவ்வளவு நாளும் தெரியாது. தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது ரினி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளும் பார்த்திருக்கிறாள். கயிற்றை வாங்கி, பூச்சியை அவிழ்த்து, உள்ளே போய், ஸ்டூலில் ஏறித் தன்னுடையதைப் பலகையிலிருந்து பிடுங்கிவிட்டு இதைக் குத்தினாள். தாளைக் கிழிக்கக் கை வைத்தபோது ஸ்தனிஸ்லாஸ் உள்ளே வந்துவிட்டார். அவள் அவசரமாக இறங்கினாள்.

பலகையின் முன்னால் அவர் நின்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கொள்ளாமே ரினி! முழ போயிட்டே. உனக்க கை நல்லா தெளிஞ்சிருக்கு."

அதே வார்த்தை இல்லைதான், ஆனால் அதே குரல். பாலராமபுரத்துக் கடைக்காரரின் குரல். செல்லபாய்க்கு வயிறு எரிந்தது. எப்போதும் எரிகிற அதே இடத்தில் எரிந்தது. ரினி முகம் சிவக்க, "மொதலாளி, அது நானில்லே, அது அக்கா..." என்று தொடங்கினாள்.

செல்லபாயின் கண் மூலையில் இருந்த பெட்டி மேசைக்குப் போனது. மடித்து வைத்த அட்டைகள் அங்கே இன்னும் அப்படியே இருந்தன. ரினி மடித்தவை.

"ஆமா மொதலாளி" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "பிள்ளைக்குக் கை தெளிஞ்சிருக்கு. தண்ணிலயும் போட்டாச்சு, நேராட்டு நிக்குது."

ஸ்தனிஸ்லாஸ் தலையாட்டிவிட்டுப் போனார். ரினி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளே வாயப் பாத்துட்டு நிக்க?" என்றாள் செல்லபாய். "உக்காரு. அந்த வார்னிஷ இங்கன நகத்தி வை, ஊசியில தொடத காட்டித்தாறேன்."